எக்ஸ்பிரஸ் அக்காவின் நிழல்

அந்தக் குழந்தைச் சட்டைக் கம்பெனியில் “நிழலு” என்று கூப்பிட்டால் ஒருத்திதான் திரும்பிப் பார்ப்பாள். ஒல்லியான உடம்பு. இடது முழங்கை நிமிராது. எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறவள் மாதிரி எப்போதும் மடங்கியே இருக்கும். அங்கே எல்லோரையும்விட வேகமாகத் தைக்கிற எக்ஸ்பிரஸ் அக்கா வந்தால் பின்னாலேயே வருவாள், போனால் பின்னாலேயே போவாள். அக்கா தும்மினால் இவள் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். அதனால் நிழல். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அவளுக்கு அதில் ஒரு பெருமை. யாருக்கு நிழல் என்று பார்க்க வேண்டாமா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

நிழலுக்குத் தனியாக வழி கிடையாது. முன்னால் போகிறவர் பள்ளத்தில் இறங்கினால் அதுவும் இறங்கியாக வேண்டும். இது அவளுக்கு உறைக்க நாளாயிற்று.

அவளுக்கு இந்தப் புத்தி கம்பெனியில் வந்தது இல்லை, சின்ன வயதிலேயே வந்தது. முதலில் அவள் பிடித்துக்கொண்ட ஆள் அவளுடைய அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவள். புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்து தங்கியவள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டினாலும் பல்லைக் கடித்துக்கொள்வாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். வருகிறவர் போகிறவர் எல்லோரும், “பொறந்தா இவளை மாதிரிப் பொறக்கணும். கல்லுடா சாமி, கல்லு” என்று மெச்சிவிட்டுப் போவார்கள். கேட்டுக் கேட்டு இவளும் கல்லாகிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டாள்.

ஒரு நாள் மாடிப்படியில் உருண்டாள். கை ஒடிந்துவிட்டது. அழவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சாப்பிட்டாள், தூங்கினாள், பாத்திரம்கூடத் துலக்கினாள். வீங்கிப் பூசணிக்காய் ஆன பிறகுதான் அம்மா கண்ணில் பட்டது. அதற்குள் எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடிவிட்டது.

“ஏண்டி பாவி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஏன் சொல்லல?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

“அத்தையா இருந்தா சொல்லுவாங்களா?” என்று கேட்டது பிள்ளை.

அத்தை அப்போது வாசல்படியில்தான் நின்றிருந்தாள். எனக்கும் வலிக்கத்தான் செய்யுது கண்ணு, சொன்னாக் கேட்க ஆள் இல்லாமல்தான் வாயை மூடிக்கிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல் என்று பெயர் வாங்கிய பிறகு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வாள்?

கல்யாணம் ஆகிப் போன இடத்தில் மூத்த ஓரகத்தி வாய்த்தாள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தின்பவள். மாமியார் நாலு பேர் முன்னால் அவளைக் காட்டி, “மகராசி, வயிறே கிடையாது இவளுக்கு” என்பாள். சின்னவளுக்கு அது போதாதா? இவளும் வயிறே இல்லாதவள் ஆனாள். ஆகி, தண்ணீர்க் குழாயடியில் கண் இருட்டி விழுந்து, முன்பல் ஒன்றைக் குழாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தாள். ஓரகத்தி தூக்கி உட்கார வைத்து காதோடு காதாக, “லூசு, நான் சமைக்கும்போதே தின்னுடுவேன். உனக்குத் தெரியாதா?” என்றாளாம். இதை நினைத்து நினைத்து அவளே பின்னாளில் சிரித்திருக்கிறாள். ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படி இரண்டு முறை பட்டும் ஒருத்திக்குப் புத்தி வரவில்லையா என்று கேட்டால், வரவில்லைதான். ஊர் யாருக்குக் கை தட்டுகிறதோ அவர் காலடித் தடத்தில் தன் காலை வைத்து நடப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. தானாக ஒரு வழி யோசித்து, அது தப்பாகி, ஏச்சு வாங்குவதைவிட இது மேல் அல்லவா?

பிறகு புருஷனும் அவளும் தனிக் குடித்தனம் வந்தார்கள். புருஷனுக்கு ஒரு கிடங்கில் ராக்காவல். பழைய கட்டடம் ஒன்றில் ஒரே அறை, ஒரே கட்டில். அந்தக் கட்டிலில் சூடு ஆறியதே கிடையாது. இவள் எழுந்தால் அவர் படுப்பார், அவர் எழுந்தால் இவள் படுப்பாள். வாசலில் சாவி கை மாறும்போது, “புள்ளைக்கு இருமலு”, “சரி, பாத்துக்கிறேன்” என்று இரண்டு வார்த்தை. அவ்வளவுதான் குடும்பம். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு பெண் குழந்தையும் பிறந்து வளர்ந்தது.

மேல் மாடியில் குடியிருந்தவள்தான் எக்ஸ்பிரஸ் அக்கா. கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டவள் அவள்தான். நூல் கோக்காத மெஷினில் காகிதத்தை வைத்து நேராக ஓட்டப் பழக்கியவளும் அவள்தான். “இந்தக் கை மடங்கியே இருக்கிறது நல்லதுடி. கழுத்துப்பட்டி திருப்பறதுக்குன்னே செஞ்ச கை” என்று சொன்ன முதல் ஆளும் அவளே. பிள்ளைக்கு ஜுரம் கண்ட வாரத்தில் இவள் பங்கு வேலையையும் தன் வேலைக்குள் ஒளித்துவைத்துத் தைத்துக் கொடுத்தாள். இதெல்லாம் சும்மா சொல்லும் கதை இல்லை, நடந்தது. அக்கா கெட்டவள் என்று யாராவது நினைத்தால் தப்பு.

கம்பெனி என்றால் ஒரு நீளக் கூடம். ஜன்னல்கள் தலைக்கு மேலே, கம்பிவலை போட்டு. உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. ஒரே கேட், அதற்கு உட்பக்கம் பூட்டு. அன்றைக்கு இத்தனை பீஸ் என்று சொன்ன கணக்கு முடியாமல் பூட்டு திறக்காது. ஒதுங்கப் போக வேண்டுமானால் சுவரில் கயிற்றில் தொங்கும் மரக்கட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு லைனுக்கு, அதாவது ஒரு வரிசை மெஷினுக்கு, ஒரே கட்டை. கட்டை இல்லையென்றால் அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதற்கெல்லாம் மேலே விசில். அது சூப்பர்வைசரின் பெயர். வாயால் பேசுவதைவிட கழுத்தில் தொங்கும் விசிலால் அதிகம் பேசுவான்.

தண்ணீர்ப் பானைக்கு மேலே சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. அதன் கீழே “இந்த மாத நட்சத்திரம்” என்று எழுதியிருப்பதாகப் படித்தவர்கள் சொன்னார்கள். மாதாமாதம் ஆள் மாற வேண்டும் என்றுதான் ஏற்பாடு. ஆனால் எக்ஸ்பிரஸ் அக்காவை யாரும் முந்த முடியாததால் போட்டோவை மாற்றுவதை நிறுத்திவிட்டு, தூசி மட்டும் தட்டி வைத்தார்கள். அக்கா உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். கட்டையைத் தொட்டதே இல்லை. தொடாமல் இருக்கத் தண்ணீரே குடிக்க மாட்டாள். அவள் போட்டோவுக்குக் கீழே இருந்த பானை மற்றவர்களுக்குத்தான்.

நிழலும் தண்ணீர் குடிப்பதை விட்டாள். ஒதுங்கும்போது நெருப்பாக எரிந்தது. மருந்துக்கடைக்காரர், “தண்ணி குடிம்மா, வேற மருந்தே வேணாம்” என்றார். இவள் தலையை ஆட்டிவிட்டு மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது ஊசி விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

குழந்தைச் சட்டை தைக்கிற இடத்தில் எது காணாமல் போனாலும் போகலாம், ஊசித்துண்டு போகக் கூடாது. தைக்கும்போது ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, உடைந்த அத்தனை துண்டையும் பொறுக்கி, மூலையில் வலைக்கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஊசிக்காரர் கையில் கொடுக்க வேண்டும். அவர் துண்டுகளை ஒரு முழு ஊசியோடு ஒட்டிவைத்துப் பார்ப்பார். ஒரு கடுகளவு குறைந்தாலும், “முனை எங்க?” என்பார். முனை வராமல் புது ஊசி தர மாட்டார். பெற்ற தாயே வந்து கேட்டாலும் தர மாட்டார்.

இந்த விதியால் லைனில் எல்லோரிடமும் ஏச்சு வாங்கியது நத்தை அண்ணன். வயிறு மெஷினில் இடிக்கிற ஆள், வாய் ஓயாத ஆள். அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவை மூடி திறக்கும்போதே மோப்பம் பிடித்து, “ஒரு வாய் ருசி மட்டும் பாக்கறேன்” என்று பாதியைக் காலி செய்துவிடுவார். அவர் ஊசி உடைந்தால் அன்றைக்கு லைனே நின்றது என்று அர்த்தம். “யாரும் காலை அசைக்காதீங்க! ஃபேனை நிறுத்து!” என்று கத்திவிட்டு, தொப்பையோடு மெஷினுக்கு அடியில் நுழைவார். நூலில் கட்டிய காந்தம் ஒன்றைத் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போவார். கிடைக்கவில்லையென்றால் தைத்த பீஸ் ஒவ்வொன்றையும் வெள்ளைத் துணிமேல் உதறுவார், மடிப்பு மடிப்பாகத் தடவுவார். கேட் திறக்காது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவந்தவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் அவர் முதுகில் வசவைக் கொட்டுவார்கள்.

“அண்ணே, உள்ளே போன தொப்பை வெளியே வருமா, இல்ல நாங்க மெஷினைப் பேத்து எடுக்கணுமா?” என்று நிழல்கூட ஒரு தடவை கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்பிரஸ் அக்கா தலை நிமிராமல் உதட்டோரம் சிரித்தது அவளுக்குப் போதுமாக இருந்தது.

மெஷினுக்கு அடியிலிருந்து பதில் வந்தது: “சிரிங்க சிரிங்க. நான் ஒண்ணும் தர்மவான் இல்ல. எனக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கணும். அதுக்குத்தான் தேடறேன்.”

அக்காவின் ஊசியும் உடையத்தானே செய்யும்? அத்தனை வேகத்தில் மற்றவர்களைவிட அதிகமாகவே உடையும். ஆனால் அவள் கூண்டுப் பக்கம் போய் யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் பக்கத்திலிருந்த நிழல் பார்த்துவிட்டாள். டிக் என்று ஒரு சத்தம். அக்காவின் கண் விசில் நிற்கும் பக்கம் ஒரு தரம் போய் வந்தது. கை கம்பெனி மேல்கோட்டின் ஓர மடிப்புக்குப் போனது. மடிப்பைப் பிரித்து உள்ளே ஊசிகளை வரிசையாகச் செருகியிருந்தாள், வெளியே கடையில் வாங்கியவை. கண்ணை மூடித் திறப்பதற்குள் புது ஊசி ஏறிவிட்டது, மெஷின் ஓடிவிட்டது. உடைந்தது எங்கே போயிற்று என்று அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நிழலுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. அடேயப்பா, இதுதான் ரகசியமா என்று வாயைப் பிளந்தாள். அந்த வாரமே கடைக்குப் போய் ஊசி வாங்கி, தன் மேல்கோட்டு மடிப்பைப் பிரித்துச் செருகிக்கொண்டாள்.

இதற்கிடையில் வீட்டில் ஒன்று நடந்தது. பெண் பிள்ளைக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. ஒரு சாயங்காலம் நிழல் உள்ளே வரும்போது பிள்ளை தரையில் உட்கார்ந்து கந்தல் துணியை வைத்துத் தையல் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தது. வாயாலேயே மெஷின் சத்தம். இடது கையை மடக்கி, விலாவோடு ஒட்டிவைத்திருந்தது.

“கைக்கு என்னடி? விழுந்தியா?” என்று பதறிப் போய்த் தொட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா. இப்படித்தானே தைக்கணும்?” என்று பிள்ளை கையை நீட்டிக் காட்டியது. வழவழவென்று, அம்பு மாதிரி நேரான கை. காட்டிவிட்டு மறுபடி மடக்கிக்கொண்டது.

புருஷன் கட்டிலில் புரண்டு, “ரொம்ப நாளா அப்படித்தான் நடக்குது. உன் பொண்ணு உன்னை மாதிரி” என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். இவள் தன் மடங்கிய கையைப் பார்த்துக்கொண்டாள்.

கம்பெனியில் பெரிய ஆர்டர் வந்து, அன்றைக்கே வண்டி ஏற வேண்டும் என்று விசில் ஊதி ஊதிக் காதைக் கிழித்த நாளில்தான் அவளுடைய ஊசி உடைந்தது. கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தாள். டிக். மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு தகட்டின் மேல் கிடந்தது. முனையைக் காணோம்.

மடியைத் தட்டினாள். இல்லை. காலடியில் பார்த்தாள். இல்லை. பக்கத்து மெஷினில் அக்காவின் கை பறந்துகொண்டிருந்தது. இவள் கை தானாக மடிப்புக்குப் போனது. புது ஊசி ஏறியது. மெஷின் ஓடியது. அவள் தைத்த சட்டைக் கட்டு நகர்ந்து அடுத்த மெஷினுக்குப் போய், அங்கிருந்து பட்டனுக்குப் போய், இஸ்திரி மேஜைக்கும் போய்விட்டது.

கை ஓடியதே தவிர மனசு ஓடவில்லை. ஒவ்வொரு சட்டையும் அவள் உள்ளங்கை அகலம்தான். அதன் கழுத்துப்பட்டி ஒரு விரல் அகலம்கூட இருக்காது. அதைத் திருப்பும்போதெல்லாம் அவளுக்குத் தன் தொண்டையில் ஏதோ உறுத்தியது. எச்சில் விழுங்கிப் பார்த்தாள்.

டீ நேரத்தில் அக்காவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

“அக்கா, முனை அகப்படலக்கா.”

“எந்த முனை?”

“காலைல உடைஞ்சது. ரெண்டு துண்டுதான் கெடைச்சது.”

அக்கா டம்ளரைக் கையில் வைத்திருந்தாளே தவிரக் குடிக்கவில்லை. “புதுசு மாட்டிட்ட இல்ல? அப்புறம் என்ன?”

“துணிக்குள்ள போயிருந்தா?”

“தரையில விழுந்திருக்கும். கூட்டித் தள்ளிடுவாங்க.”

“கழுத்துப்பட்டிக்கா. பச்சைப் புள்ளைங்க போடறது.”

“ஏய்.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். கோபமாகச் சொல்லவில்லை, தங்கைக்குத் தைரியம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். “பத்து வருஷமா நான் பண்றேன். எனக்கு ஒண்ணும் ஆனதில்ல. உனக்கு மட்டும் ஆயிடுமா? போ, போய் உக்காரு.”

நிழல் போய் உட்கார்ந்தாள். மெஷினை மிதித்தாள். பத்து வருஷம் என்ற வார்த்தை ஊசி மாதிரி ஏறி இறங்கியது. எனக்கு ஒன்றும் ஆனதில்லை என்றாளே, அவளுக்கு எப்படி ஆகும்? சட்டையைப் போட்டது அவளா? பத்து வருஷத்து முனைகள் எல்லாம் எங்கே போயின? எந்த ஊர், எந்த வீடு, எந்தத் தொட்டில்?

நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் அக்கா. பக்கத்தில் அக்கா. எதிர் ஜன்னலில் கம்பிவலை. கேட்டில் பூட்டு. சொன்னால் மேல்கோட்டு மடிப்பைப் பிரிக்கச் சொல்வார்கள். இந்த மடிப்பு வித்தையை எங்கே கற்றாய் என்பார்கள். வேலை போகும், அக்காவும் போவாள். ஜுரத்தில் பிள்ளை கிடந்தபோது தைத்துக் கொடுத்த கையைக் காட்டிக் கொடுத்தவள் என்று பெயர் வரும். அதே கட்டடத்தில், தலைக்கு மேலே அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுக்க வேண்டும். சொல்லாவிட்டாலோ, வண்டி போய்விடும். அப்புறம் தேடுவதற்குத் தரையும் இல்லை, காந்தமும் இல்லை.

அட்டைப்பெட்டிக்குப் பசை நாடா இழுக்கும் சத்தம் பேக்கிங் பக்கமிருந்து கேட்டது. சர்ர்ர் என்று ஒரு பெட்டி. சர்ர்ர் என்று இன்னொரு பெட்டி.

அவள் காலை எடுத்தாள். மெஷின் நின்றது. எழுந்து நேராக நத்தை அண்ணனிடம் போனாள்.

“அண்ணே, என் ஊசிமுனை காணோம்.”

நத்தை அண்ணன் அவளைப் பார்த்தார். ஏதோ பெரிய மனுஷன் மாதிரிப் பேசுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். “அட ராமா, இன்னைக்கா? என் மச்சினன் ஊர்லேர்ந்து வர்றான், சீக்கிரம் வர்றேன்னு சொல்லிட்டு வந்தேனே! எப்போ உடைஞ்சது?”

“காலைல.”

“காலைலயா!” என்று தலையில் கை வைத்தார். “உன்னை என்ன பண்றது! காலைல உடைஞ்சதுக்கு இப்போ வந்து நிக்கிற. கட்டு எங்கெங்க போச்சோ.” திட்டிக்கொண்டே ஸ்விட்சை அணைத்தார். திட்டிக்கொண்டே காந்தத்தை எடுத்தார். “யாரும் காலை அசைக்காதீங்க! ஃபேனை நிறுத்து! பேக்கிங், பெட்டியை மூடாத!”

கூடமே ‘ஐயோ’ என்றது. விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்தான்.

“யாரு? இந்தத் தொப்பைதானா மறுபடியும்?”

“நான்தான் சார்” என்றாள் நிழல். விசில் கூண்டுக்குப் போய் ஊசிக்காரரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“உனக்குப் புது ஊசி யாரு கொடுத்தது? கூண்டுல கேட்டேன், நீ வரவே இல்லைங்கறார்.”

அவள் மேல்கோட்டின் ஓரத்தைத் திருப்பி மடிப்பைப் பிரித்துக் காட்டினாள். ஊசிகள் வரிசையாக மின்னின.

“யார்கிட்ட கத்துக்கிட்ட இதை?”

கூடத்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. நிழல் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவே பதிலாகிவிடும் என்று தெரியும். ஆனாலும் அக்கா எழுந்து நிற்பாள், ஒரு வார்த்தை சொல்வாள் என்று முதுகு முழுக்கக் காதாகக் காத்திருந்தாள். அத்தை வாசல்படியில் நின்ற அதே அமைதிதான் பின்னாலிருந்து வந்தது.

“கடையில நானே வாங்கினேன் சார்” என்றாள்.

பொய் இல்லை. வாங்கினது அவள்தான். யாரும் அவளை வாங்கச் சொல்லவில்லை.

விசில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி மேல்கோட்டு ஓரத்தைத் தடவிப் பார்த்தான். எக்ஸ்பிரஸ் அக்காவின் முறை வந்தது. அவன் சுவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “உங்களுக்கு எதுக்குக்கா?” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. அதை நிழல் பார்த்தாள்.

அப்புறம் தேடினார்கள். தரையில் இல்லை. மெஷினில் இல்லை. மூடிய பெட்டிகளைப் பிரித்தார்கள். இஸ்திரி போட்ட சட்டைகளை எல்லாம் வெள்ளைத் துணிமேல் உதறினார்கள். “புள்ளை காத்துக்கிட்டு இருக்கும்டி, உன் நாசமாப் போற முனை!” என்று ஒருத்தி அழுதாள். “நத்தைக்குக் குட்டி பொறந்திருக்கு” என்று இன்னொருத்தி சொன்னாள். முன்பு தொப்பைக்குச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பெல்லாம் வட்டி போட்டுத் திரும்பி வந்தது. அவள் குனிந்த தலை நிமிராமல் மடிப்பு மடிப்பாகத் தடவினாள்.

நத்தை அண்ணன் மட்டும் வாய் ஓயாமல் சொல்லிக் கொடுத்தார். “விரல் நுனியால அழுத்தாத, குத்திட்டா உனக்குத்தான் ஆபத்து. மேஜை ஓரத்துல பட்டியை வெச்சு இழு. சத்தம் கேக்கும். ஆமா, உன் டப்பால ஏதாவது மிச்சம் இருக்கா?”

வெளியே விளக்கு போடும் நேரத்தில் அவர்தான் கண்டுபிடித்தார். ஒரு மஞ்சள் சட்டை. கழுத்துப்பட்டியை மேஜை விளிம்பில் இழுத்தபோது கிரக் என்று ஒரு சின்ன சத்தம். தையலைப் பிரித்தால் உள்ளே, இரண்டு துணிக்கும் நடுவில், எறும்பின் கால் அளவு முனை. சட்டை போட்டிருந்தால் சரியாகக் குரல்வளைக்கு நேரே வந்திருக்கும். அவர் அதைக் காந்தத்தில் ஒட்டித் தூக்கிக் காட்டினார். யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். அவரும், “மச்சினன் போயிருப்பான், சனியன்” என்று முனகிக்கொண்டு போனார்.

வேலை போகவில்லை. மெஷின் போயிற்று. நூல் வெட்டும் மேஜைக்குத் தள்ளினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு, தைத்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. எக்ஸ்பிரஸ் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போனாள். காட்டிக் கொடுத்திருந்தால்கூட அக்கா சண்டை போட்டு முடித்திருப்பாள். காப்பாற்றியவளை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரில் போட்டோ அப்படியே இருந்தது. தூசி தட்டினார்கள்.

நிழலுக்கு முதல் நாட்கள் பெரும்பாடாக இருந்தது. பழக்கதோஷத்தில் கண் அக்காவின் மெஷினுக்குப் போகும், சுட்டது மாதிரித் திரும்பும். பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் நிற்பது இருட்டில் படி இறங்குகிற மாதிரி. அப்படியானால் இனி நத்தை அண்ணன்தான் அவளுக்குத் தெய்வமா என்று கேட்பார்கள். இல்லவே இல்லை. அவர் தினமும் வந்து அவள் டப்பாவைப் பாதியாக்கினார். மச்சினன் கதையைச் சொல்லிச் சொல்லிக் காதில் ரத்தம் வரவைத்தார். அவரை மாதிரி ஆகக் கூடாது என்று அவள் நினைத்த விஷயங்களே அதிகம். ஊசிமுனை தேடும்போது மட்டும் அவரை மாதிரி. கத்தரியை ஓட்டும்போது மட்டும் அக்காவை மாதிரி. ஒருவரை முழுசாக எடுத்து விழுங்கினால் தொண்டையில்தான் நிற்கும். யார் எத்தனை சொன்னாலும் இதில் மாற்றம் இல்லை.

அவள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். போட்டோவுக்குக் கீழேயே நின்று, இரண்டு டம்ளர். கட்டையை எடுத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் நடந்து போனாள். வீட்டில் பிள்ளையின் மடங்கிய கையைப் பிடித்து, “அம்மாவுக்கு இது உடைஞ்ச கைடி. வலிச்சது. நான் சொல்லல, அதனால கோணலாப் போச்சு. உன் கை நல்ல கை, நீட்டு” என்றாள். பிள்ளை நீட்டியது. ஒரு நிமிஷம் கழித்து மறந்துபோய் மடக்கியது. ஒரே நாளிலா போகும்?

ஒரு சாயங்காலம், முடிகிற நேரம். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. எந்த மெஷின் என்று நிழலுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். கண் போயிற்று. அக்காவின் கை மேல்கோட்டு ஓரத்தில் இருந்தது. மடிப்புக்குள் இன்னும் ஊசிகள் இருந்தன. அவளை யாரும் தடவிப் பார்க்கவில்லையே. விசில் எங்கோ தள்ளி நின்றான். யாரும் பார்க்கவில்லை, நிழலைத் தவிர.

அக்காவும் அவளைப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு முதல் தரம். இரண்டு பேரும் இமைக்கவில்லை. அக்கா ஓரத்திலிருந்து கையை எடுத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். முழங்கால் மளுக்கெனச் சத்தம் போட, மெஷினுக்கு அடியில் குனிந்தாள்.

“யாரும் காலை அசைக்காதீங்க” என்றாள். குரல் கரகரவென்று வந்தது, துருப்பிடித்த குழாய் மாதிரி.

விசில் வாயில் விசிலை வைத்தான், ஊத மறந்துவிட்டான்.

“போச்சுடா, எக்ஸ்பிரஸ் தடம் புரண்டுடுச்சு” என்றார் நத்தை அண்ணன். “அப்போ இன்னைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்.”

“என்னடி வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிற?” என்று மெஷினுக்கு அடியிலிருந்து அக்கா கத்தினாள். “உன்னாலதான் இதெல்லாம். காந்தத்தைக் கொண்டா.”

நிழல் காந்தத்தை வாங்கிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் மண்டியிட்டாள். தலைக்கு மேலே வசவு பொழிந்தது. யாரோ பஸ் போயிற்று என்றார்கள், யாரோ பிள்ளை பசித்திருக்கும் என்றார்கள். இரண்டு பேரும் தரையைத் தடவினார்கள். பிறகு பீஸ்களை உதறினார்கள். ஜன்னலின் கம்பிவலை கறுத்து, வலையே தெரியாமல் போனது. முனை அகப்படவில்லை.

“கொஞ்சம் தண்ணி குடுடி” என்றாள் அக்கா.

நிழல் பானையிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். அக்கா ஒரே மூச்சில் குடித்தாள், இன்னொன்று கேட்டாள், அதையும் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சுவரில் தொங்கும் கட்டையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அடுத்த சட்டையை எடுத்துக் கழுத்துப்பட்டியை மேஜை ஓரத்தில் வைத்து இழுத்தாள்.

கேட் இன்னும் பூட்டியே இருந்தது.